ஏப்ரலில் மரம் குடிக்கும் தண்ணீர்: பர்மாக் காடுகளில் பருவம் பருவமாகக் கண்டறிவது எப்படி

திஞ்சான் எனும் பர்மியப் புத்தாண்டுச் சமயத்தில் பெகு யோமா மலைத்தொடரின் அடிவாரத்துக்குப் போனால், ஒரே சரிவில் மூன்று விதமாக மரங்கள் நிற்கும். தேக்கு மொட்டையாக இருக்கும். சற்று மேலே, செம்மண்ணும் கப்பிக்கல்லும் கலந்த மேட்டில் பர்மியர் ‘இன்’ என்று சொல்லும் காட்டு மரம் பளபளவென்று புது இலை விட்டிருக்கும். ஓடைக்கரை மரங்களைப் பார்த்தால் இலை உதிர்த்த அடையாளமே தெரியாது. மூன்றுக்கும் பெய்தது ஒரே மழைதான். அதுவும் அக்டோபரோடு நின்றுபோனது. பிறகு எங்கிருந்து குடிக்கின்றன?

இதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை, அளந்தே சொல்லலாம். பெகு, தட்டோன், மோல்மேன், சிரியம் பக்கங்களில் வரப்போரத் தேக்கோ தோப்போ வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவு நேரடியாகப் பயன்படும். எப்போது நடுவது, எப்போது மூடாக்கு (மண்ணை மூடும் வைக்கோல், சருகு) போடுவது, எத்தனை மரத்தை விட்டுவைப்பது என்ற மூன்று கேள்விகளும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் கணக்கு

1 மி.மீ. மழை என்றால் 1 சதுர மீட்டர் நிலத்துக்கு 1 லிட்டர் தண்ணீர். ரங்கூனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,700 மி.மீ. பெய்கிறது. பெகுவில் அதைவிடக் கூடுதல், மோல்மேனில் 4,500-ஐத் தாண்டும். மாண்டலேயைச் சுற்றிய வறண்ட வட்டாரத்தில் 1,000-ஐ எட்டுவதே அபூர்வம். எங்கே ஆனாலும் பெரும்பகுதி மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும்.

இலையோடு நிற்கும் காடு ஒரு நாளைக்குச் செலவழிப்பது 3 முதல் 4 மி.மீ. தான். ஆகஸ்டில் ஒரு நாள் 100 மி.மீ. பெய்தால் அது ஒரு மாதச் செலவு. ஆனால் மண் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் அதில் பெரும்பங்கு ஓடைக்குப் போய்விடும். அதனால் மழைமானியின் மொத்த எண்ணை வைத்துக்கொண்டு மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. மழை நின்ற அன்று, வேர் எட்டும் ஆழத்துக்குள் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதே மரத்தின் கையிருப்பு.

நல்ல வண்டல் கலந்த காட்டு மண், 1 மீட்டர் ஆழத்துக்கு 150 மி.மீ. அளவில் மரம் எடுக்கக்கூடிய நீரைப் பிடித்து வைக்கும். மணல் என்றால் 60 முதல் 80. களிமண் இன்னும் நிறையப் பிடிக்கும், ஆனால் அதில் ஒரு பெரும்பங்கை வேருக்கு விடாமல் தானே இறுக்கி வைத்துக்கொள்ளும். வண்டல் மண்ணில் வேர் 3 மீட்டர், அதாவது 10 அடி இறங்கியிருந்தால் கையிருப்பு 450 மி.மீ. நாளுக்கு 3 மி.மீ. செலவென்றால் 150 நாள் வரும். நவம்பர் 1-ந் தேதியிலிருந்து எண்ணுங்கள். மார்ச் கடைசியில் தீர்ந்துவிடும். ஏப்ரலும் மே முதல் பாதியும் துண்டு விழுகிறது. சில மரங்கள் இலையைக் கொட்டிச் செலவையே நிறுத்திவிடுகின்றன, சில இன்னும் ஆழமாக இறங்குகின்றன, சில தண்டிலேயே சேர்த்து வைக்கின்றன. எந்த மரம் எந்த வழி என்பதைத்தான் கண்டுபிடிக்கப் போகிறோம்.

ஆண்டு ஓட்டம்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மரம் பெரும்பாலும் மேல் ஒன்றிரண்டு அடியிலிருந்தே குடிக்கும். மெல்லிய வேர்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. சத்தும் காற்றும் அங்கேயே கிடைக்கும்போது கீழே இறங்கி எடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இந்த மாதங்களில் தண்ணீர் குறைவதால் மரம் கெடுவதில்லை, தேங்கித்தான் கெடும். தேக்குக்கு வேரில் நீர் தேங்குவது ஆகவே ஆகாது. நெல் வயலின் வரப்பு நீர் அடிமரத்தைத் தொட்டுக்கொண்டே நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அந்த மரம் அடுத்த கோடையில் முதலில் வாடும். பார்ப்பவர்கள் வறட்சியால் வாடியது என்பார்கள்.

பெய்த மழை எல்லாம் தரைக்கு வருவதும் இல்லை. 2, 3 மி.மீ. தூறல் இலையிலேயே தங்கி ஆவியாகிவிடும். அடர்ந்த காட்டில் ஆண்டு மழையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை இப்படிப் போகலாம். உங்கள் தோப்பில் எவ்வளவு என்று பார்க்க, ஒரே அளவு டின் 15 அல்லது 20-ஐ மரங்களுக்கடியில் தாறுமாறாகப் பரப்பி வையுங்கள். வெட்டவெளியில் 2 வையுங்கள். டின்னை அடிமரத்தோடு ஒட்டி மட்டும் வைக்கக் கூடாது. இலை நுனி சொட்டும் இடமும் காய்ந்த இடமும் பக்கம் பக்கமாக இருக்கும் என்பதால் நாலைந்து டின்னை வைத்து வரும் சராசரியை நம்ப முடியாது.

அக்டோபர் கடைசி, அதாவது தீபாவளியை ஒட்டிய நாட்கள்தான் ஆண்டின் முக்கியமான புள்ளி. மேலிருந்து ஆழம் வரை மண் நிறைந்திருக்கும் கடைசி நேரம் அது. அடுத்த ஆறு மாதத்துக்கான சேமிப்பு அன்று முடிவாகிவிடுகிறது.

நவம்பரிலிருந்து மேல்மண் காயத் தொடங்கும். தைப்பூசம் வருவதற்குள் முதல் ஓரடி ஏறக்குறையத் தூசி. குடிக்கும் இடம் இரண்டடி, நாலடி என்று இறங்கிக்கொண்டே போகும். மலைப்பள்ளத்தாக்குகளில் மட்டும் குளிர்காலப் பனிமூட்டம் கொஞ்சம் கை கொடுக்கிறது. ஷான் மாநில எல்லைக்கு அப்பால் சீனாவின் சிஷுவாங்பன்னாவில் அளந்தபோது, பனிமூட்டம் இலையில் படிந்து சொட்டும் நீர் ஆண்டு மழையில் சுமார் 5 சதவீதம் வந்தது. சிறிய எண்தான். ஆனால் அதில் 86 சதவீதம் வறண்ட மாதங்களில் விழுந்தது. ஆழ வேர் இல்லாத கன்றுகளுக்கும் கொடிகளுக்கும் அது பெரிய உதவி, பெரிய மரத்துக்கு உதட்டை நனைக்கும் அளவே. சமவெளியில் காலையில் படியும் பனித்துளியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் புதிர். மழைக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே பல காட்டு மரங்கள் தளிர்க்கின்றன. தாய்லாந்து, தென்னிந்தியப் பருவக்காற்றுக் காடுகளில் ஆராய்ந்தவர்கள், இந்த மரங்கள் மழைக்குக் காத்திராமல் பகல் நீள்வதை அடையாளமாகக் கொண்டு தளிர்விடுவதாகச் சொல்கிறார்கள். கீழே தண்ணீர் கையிருப்பு இல்லாமல் அந்தத் துணிச்சல் வராது. வட தாய்லாந்தின் மலைப் பசுங்காடு ஒன்றில் நீராவியாக வெளியேற்றும் அளவு வறண்ட காலத்தின் கடைசியில்தான் உச்சத்தைத் தொட்டது. வெயில் கடுமை, வேர் 4, 5 மீட்டர் ஆழம். இரண்டும் சேர்ந்தால் அப்படித்தான். தேக்கு இந்தக் கூட்டத்தில் சேராது. மேல்மண் நனைந்தால்தான் இலை விடும், அதனால் ஆண்டுக்கு ஆண்டு பல வாரம் முன்பின் ஆகும்.

இலவு, லெப்பான் என்று பர்மியர் சொல்வது, தனி ரகம். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு இலை இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். அதன் மெத்தென்ற தண்டே தொட்டி. இலை கொட்டியதும் செலவு நின்று, வேர் கொண்டுவரும் கொஞ்ச நீரில் தண்டு மறுபடி ஊறும். அந்த ஈரத்தில் பூக்கும். இலை உதிர்ந்ததைப் பார்த்து மரம் தாகத்தில் தவிக்கிறது என்று எண்ணுவது தவறு. பல மரங்களுக்கு அது குழாயை மூடுவதுதான்.

மே மாத முதல் மழையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காய்ந்து கிடக்கும் மேல் ஓரடியை நிறைக்கவே 40, 50 மி.மீ. வேண்டும். 15 மி.மீ. இடிமழை ஏழெட்டு அங்குலம் கூட இறங்காது. மஞ்சள் பூப் பூக்கும் படோக் மரம் அந்த மழைக்குப் பூத்துக் குலுங்கும், தெருவெல்லாம் மஞ்சளாகும், ஆனால் ஆழத்தில் இருக்கும் மண் ஜூன் கடைசி வரை காய்ந்தே கிடக்கலாம்.

காசில்லாத முறை: இலை உதிரும் தேதி

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். மேடு, சரிவின் நடு, பள்ளம் என்று மூன்று இடத்தில் ஒரே வயதுத் தேக்கு ஐந்தைந்து தேர்ந்து சுண்ணாம்பில் எண் போடுங்கள். டிசம்பரிலிருந்து வாரத்துக்கு ஒரு முறை போய், கொப்பில் எத்தனை பங்கு இலை மிச்சம் என்று நான்கில் கணக்கிட்டு எழுதுங்கள்: முழுசு, முக்கால், அரை, கால், மொட்டை. மேட்டுத் தேக்கு ஜனவரியில் மொட்டையாகிப் பள்ளத்துத் தேக்கு மார்ச் வரை இலை வைத்திருந்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள வாரங்கள்தான் மண்ணின் கையிருப்பு வித்தியாசம். பூச்சி தின்ற மரத்தையும் தீப்பட்ட மரத்தையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். தேக்கு இலையை வலைபோல அரிக்கும் புழு மழைக்காலத்திலேயே மரத்தை மொட்டையாக்கிவிடும். அதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை.

மண்ணைத் துளைத்துப் பார்ப்பது

ஆழத்தைச் சொல்வது இது ஒன்றுதான், இதில் கவனம் சிதறக் கூடாது.

கருவி: 2 அங்குல வாய் உள்ள மண் ஆகர், அதாவது திருகித் துளைக்கும் கருவி. கடையில் கிடைக்காவிட்டால் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்யலாம். முறுக்கிய வாய், அதற்கு மேல் 3 அடி ஜி.ஐ. குழாய் மூன்று, இணைக்கும் சாக்கெட், குறுக்குக் கைப்பிடி. குழாயில் ஓரடிக்கு ஒரு முறை கோடு கீறிக்கொள்ளுங்கள். கூடவே 1 கிராம் துல்லியமுள்ள சமையல் தராசு, கெட்டியான ஜிப் பை, மூடியுள்ள தகர டப்பாக்கள்.

இடம்: அடிமரத்திலிருந்து 5, 6 அடி தள்ளி. ஒரு மரத்துக்கு மூன்று துளை, மூன்று திசையில். அதே நாளில், அதே மண்ணில், மரமும் வேரும் எட்டாத வெறும் நிலத்தில் இன்னும் இரண்டு துளை. இந்த வெறும் நிலத் துளையை விட்டுவிடுபவர்கள் ஏராளம். அது இல்லாவிட்டால் வெயில் குடித்தது எது, கீழே வடிந்தது எது, மரம் குடித்தது எது என்று பிரிக்கவே முடியாது.

ஆழம்: அரை அடி, 2, 4½, 8 அடி. முறையே 0–1, 1–3, 3–6, 6–10 அடி அடுக்குகளின் நடு இவை. ஒவ்வொன்றிலும் ஆகர் வாயின் நடுப்பகுதி மண் 200 கிராம். மேலே ஒட்டியிருப்பது துளையின் சுவரிலிருந்து உதிர்ந்தது, அதை வழித்துப் போட்டுவிடுங்கள். காய்ந்த மேல்மண் கீழ் மாதிரியில் கலப்பதால்தான் பலருடைய கணக்கு கெடுகிறது. பையை அங்கேயே மூடி நிழலில் வைக்க வேண்டும்.

காயவைப்பது: ஈர எடையைக் குறித்து, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் அடுப்புப் பெட்டியில் வைத்து மறுபடி நிறுங்கள். பெட்டி இல்லாதவர்கள் இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் திறந்த டப்பாவை வைத்து இளந்தீயில் சூடாக்கலாம். அரை மணிக்கு ஒரு முறை நிறுத்து, இரண்டு முறை ஒரே எடை வந்தால் முடிந்தது. கருகல் வாடை வந்தால் இலைமக்கு எரிகிறது. அந்த மாதிரியை வீசிவிட வேண்டியதுதான். வெயிலில் மட்டும் காயவைத்தால் களிமண்ணில் ஈரம் மிச்சம் நிற்கும்.

ஈர சதவீதம் = (ஈர எடை − காய்ந்த எடை) ÷ காய்ந்த எடை × 100.

இதை மி.மீ. ஆக்க மண்ணின் அடர்த்தி வேண்டும். டின்பால் டப்பா ஒன்றை எடுத்து, அடி இருக்கும்போதே தண்ணீர் நிரப்பி நிறுங்கள். எத்தனை கிராம் தண்ணீரோ அத்தனை கன சென்டிமீட்டர். பிறகு அடியையும் வெட்டி எடுத்துவிட்டு, குழிச் சுவரில் பக்கவாட்டாக அழுத்தி நிரப்பி, இரு பக்கமும் கத்தியால் மட்டம் செய்து காயவையுங்கள். காய்ந்த எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி. காட்டு மேல்மண்ணில் 1.1 முதல் 1.3, கீழே 1.4 சுமார் வரும். 1.8 வந்தால் கல் உள்ளே போயிருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு. நவம்பர் முதல் தேதியும் மார்ச் கடைசியும் எடுத்த ஈர சதவீதம் இப்படி என்று கொள்வோம்:

0–1 அடி (300 மி.மீ.): 20-லிருந்து 6. அடர்த்தி 1.3. குறைவு 0.14 × 1.3 × 300 = 55 மி.மீ.
1–3 அடி (600 மி.மீ.): 19-லிருந்து 10. அடர்த்தி 1.4. குறைவு 76 மி.மீ.
3–6 அடி (900 மி.மீ.): 18-லிருந்து 13. குறைவு 63 மி.மீ.
6–10 அடி (1,200 மி.மீ.): 18-லிருந்து 16. குறைவு 34 மி.மீ.

மொத்தம் 228 மி.மீ.; நாளுக்கு 1.5. இதில் 97 மி.மீ., நூற்றுக்கு 43 பங்கு, மூன்றடிக்குக் கீழிருந்து போயிருக்கிறது. கடைசி அடுக்கில் சதவீதம் இரண்டே இரண்டுதான் குறைந்தது, ஆனால் அடுக்கு தடிமன் என்பதால் லிட்டர் கணக்கில் அது கொஞ்சமல்ல. சதவீதத்தை மட்டும் பார்த்து ‘ஆழத்தில் ஒன்றும் நடக்கவில்லை’ என்று முடிவு கட்டுவது பெரிய பிழை.

இரண்டு தேதி போதாது. அக்டோபர் கடைசி, டிசம்பர் கடைசி, பிப்ரவரி நடு, மார்ச் கடைசி, முதல் நல்ல மழைக்கு ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் என்று ஆறு முறை எடுத்தால் குடிக்கும் இடம் மேலிருந்து கீழே நகர்வது அடுக்கு அடுக்காகத் தெரியும். பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் மேல் மூன்றடி அசையாமல், கீழ் அடுக்கு மட்டும் குறைந்தால், இலையோடு நிற்கும் அந்த மரத்தின் கோடைக் கிணறு அங்கே இருக்கிறது. எந்த அடுக்கும் குறையாமல் மரம் மொட்டையாக நின்றால் அது செலவை மூடிவிட்டது. எந்த அடுக்கும் குறையாமல் மரம் பச்சையாக இருந்தால், உங்கள் ஆகர் எட்டாத ஆழத்தில் அதன் வேர் இருக்கிறது. இன் மரக் கப்பி மேட்டில் இதுதான் அடிக்கடி கிடைக்கும் விடை. கப்பிக்கு அடியிலுள்ள பாறை வெடிப்பில் வேர் இறங்கியிருக்கும், ஆகர் 3 அடியில் நின்றுவிடும். அங்கே தூணுக்குக் குழி எடுப்பவர்கள் வெட்டிய பள்ளத்தின் சுவரைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

கெடும் இடங்கள் இன்னும் உண்டு. கடைசிப் பெருமழை முடிந்து இரண்டு, மூன்று வாரம் வரை மண் தானாக வடியும். அதற்குள் எடுத்த முதல் மாதிரியில் வடிந்ததெல்லாம் மரத்தின் பேரில் எழுதப்பட்டுவிடும். மேல் ஓரடியில் காணும் குறைவில் வெயிலின் பங்கு நிறைய. மண் ரகம் மாறும் இரண்டு இடங்களின் சதவீதத்தை ஒப்பிடவே கூடாது: 12 சதவீத ஈரம் மணலில் தாராளம், களியில் மரம் செத்துவிடும். எடுத்த துளைக்குள் மறுபடி எடுக்காமல் ஓரடி தள்ளி எடுங்கள்; பழைய துளையை மண் போட்டு இடித்து மூடாவிட்டால் அடுத்த மழை அதன் வழியாக நேரே கீழே போகும். இன்னொன்று, சில மரங்களின் வேர் இரவில் ஆழத்து ஈரத்தை உறிஞ்சி காய்ந்த மேல்மண்ணில் கசியவிடும். 1987-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் புதர்களில் இது முதலில் தெளிவாக நிறுவப்பட்டது. எனவே எப்போதும் ஒரே நேரத்தில், காலை பத்து மணிக்குள், மாதிரி எடுங்கள்.

மரத்தின் பக்கமிருந்து

தண்ணீர் ஏறுவது பட்டைக்கு உள்ளே அடுத்திருக்கும் வெளிமரத்தில் மட்டும்தான். தேக்கை வெட்டுமுன் பட்டையோடு வெளிமரத்தையும் வைரம் (கெட்டியான நடுமரம்) வரை வளையமாகக் கொத்திவிட்டு, இரண்டு மூன்று ஆண்டு நின்றபடியே காயவிடுவது பர்மாக் காட்டு வேலையின் பழைய வழக்கம். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. பட்டையை மட்டும் உரித்தால் மரம் உடனே சாகாது என்பதைக் காட்டு வேலை பார்த்த எல்லோரும் அறிவார்கள். அந்த வெளிமரம் நீர் இறங்கினால் சுருங்கும், ஏறினால் உப்பும். அதைத்தான் அளக்கிறோம்.

அரை அங்குல அகலமுள்ள மெல்லிய எவர்சில்வர் பட்டையை 4½ அடி உயரத்தில் அடிமரத்தைச் சுற்றிப் பூட்டி, ஒரு முனையை மறு முனைமேல் ஓடவிட்டு, மெல்லிய ஸ்பிரிங்கால் இழுத்துக் கட்டுங்கள். இரண்டு முனையிலும் ஊசியால் கோடு கீறி, இடைவெளியை வெர்னியர் காலிப்பரில் 0.1 மி.மீ. வரை படியுங்கள். காலை 6 மணிக்கு மட்டும், ஏனென்றால் பகலில் தண்டு தினமும் கொஞ்சம் சுருங்கி இரவில் மீளும். எவர்சில்வர் பட்டை பதியச் சில வாரம் ஆகும். செப்டம்பரில் கட்டி நவம்பரிலிருந்து கணக்கெடுங்கள். கட்டுமுன் மரத்தின் செதில் பட்டையை லேசாகத் தேய்த்து எடுக்க வேண்டும், வெட்டக் கூடாது. பனிமூட்டக் காலையில் செத்த பட்டை ஈரம் குடித்து உப்பி, மரமே உப்பியதுபோலக் காட்டும். அன்றைய எண்ணைப் பக்கத்தில் குறியிட்டு ஒதுக்குங்கள். ஸ்பிரிங் இடுக்கில் குளவி கூடு கட்டும்.

ஜனவரியிலிருந்து சீராகச் சுருங்கி மழை வந்த ஓரிரு நாளில் உப்பினால் அந்த மரம் மேல்மண்ணை நம்பியது. இலை கொட்டிய பிறகு மழையே இல்லாமல் மெல்ல உப்பினால் ஆழத்திலிருந்து ஊறுகிறது. இலவில் இதை எதிர்பார்க்கலாம். மார்ச்சில் தளிர்விட்டும் சுருங்காவிட்டால் கீழே தாராளமாக இருக்கிறது.

இலையையும் கேட்கலாம். விடியுமுன் 5 மணிக்குப் பறித்த இலையிலிருந்து நடுநரம்பைத் தவிர்த்துப் பத்துச் சில்லு வெட்டி, நகைத் தராசில் நிறுத்து, நாலு மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு ஒற்றி எடுத்து நிறுத்து, பிறகு 80 டிகிரியில் ஒரு நாள் காயவைத்து நிறுங்கள். (புது எடை − காய்ந்த எடை) ÷ (ஊறிய எடை − காய்ந்த எடை) × 100. விடியற்காலையில் 95-ஐ நெருங்கினால் இரவில் வேருக்குத் தண்ணீர் கிடைத்திருக்கிறது. பகல் ஒரு மணிக்கு எல்லா மரமும் இறங்கும், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். ஓரிரவு முழுக்க ஊறப் போட்டால் எண் கெடும்.

ஓடைக்கரையும் கிணற்றடியும்

ஓடையோரம் நிற்கும் மரம் ஓடையில்தான் குடிக்கிறது என்று சத்தியம் செய்ய வேண்டாம். 1991-ல் யூட்டாவில், தண்ணீரில் இயற்கையாக இருக்கும் கன ஹைட்ரஜன் (எடை கூடிய ஹைட்ரஜன் வகை) அளவை வைத்து மரத்துக்குள் ஓடும் நீரை ஓடை நீரோடு ஒப்பிட்டபோது, கரையிலேயே நின்ற பெரிய மரங்கள் ஓடை நீரைத் தொடாமல் ஆழத்து நீரைக் குடித்தது தெரிந்தது. மேல்மட்ட ஓடை நீர் இன்றிருக்கும், நாளை வற்றும். வளர்ந்த மரம் அதை நம்பி வேரை வளர்ப்பதில்லை. பல்கலைக்கழகத்தார் இப்படிச் சோதிக்க மாதிரி கேட்டால் பச்சைக் குச்சி கொடுக்காதீர்கள், அதில் நீர் ஆவியாகி அளவு மாறியிருக்கும். பழுப்புப் பட்டை வந்த குச்சியை 3 அங்குலத் துண்டாக வெட்டி, பட்டை நீக்கி, கண்ணாடிக் குப்பியில் உடனே அடைத்து ஐஸில் வைக்க வேண்டும்.

நிலத்தடி நீரைத் தொட்டுக் குடிக்கிறதா என்பதை ஆழமில்லாத கிணறு காட்டிக்கொடுக்கும். நீர்மட்டம் 10, 12 அடிக்குள் இருந்து, பக்கத்தில் பெரிய அரசோ ஆலோ நின்றால், மார்ச்சில் ஒரு நாள் யாரும் இறைக்காமல் பார்த்துக்கொண்டு மணிக்கு ஒரு முறை மட்டத்தை அளங்கள். பகலில் இறங்கி இரவில் ஏறினால் மரம் குடிக்கிறது. ஏற்ற இறக்கம் சென்டிமீட்டர் கணக்கில்தான் இருக்கும் என்பதால் கயிறு உதவாது, நிலையாக நட்ட அளவுகோல் வேண்டும். முனீஸ்வரன் கோயில் கிணற்றில் செய்தால் அன்று பூசைக்கு வேறு தண்ணீர் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

வறண்ட வட்டாரத்தில் பெருகிவிட்ட சீமைக் கருவேலத்தை இந்தச் சோதனையில் தனியாகப் பாருங்கள். அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் அதன் இனத்தின் வேர் 50 மீட்டருக்கும் கீழே காணப்பட்டது. உங்கள் நிலத்திலும் அவ்வளவு இறங்கும் என்பதல்ல, இறங்கக்கூடிய சாதி என்பதே விஷயம். ஐராவதி டெல்டாவின் அலையாத்திக் காட்டில் இந்த முறைகள் எதுவும் செல்லாது: மண் எப்போதும் ஈரம்தான், அங்கே கேள்வி உப்பு.

தெரிந்ததை வைத்துச் செய்ய வேண்டியவை

தேக்குக் குச்சியோ (வேரும் தண்டும் நறுக்கிய நாற்று) கன்றோ நடுவது மேல் இரண்டடி நனைந்த பிறகு. மே மாத முதல் இடிமழைக்கு அவசரப்பட்டு நட்டால், இடையில் வரும் பத்து நாள் வெயிலில் போய்விடும். ஆகரை ஒரு முறை இறக்கிப் பாருங்கள். ஜூன் வரை பொறுக்கச் சொன்னால் பொறுங்கள். சீக்கிரம் நட்ட கன்றுக்கு மழைக்காலம் முழுக்க வேரை இறக்க நேரம் கிடைக்கும் என்பதால் ஜூலையைத் தாண்டவும் விடக் கூடாது.

மூடாக்கு அக்டோபர் கடைசியில் போட வேண்டும். எல்லோரும் மார்ச்சில் மண் வெடித்த பிறகு வைக்கோல் தேடுகிறார்கள்; அப்போது மேல் ஓரடியில் காப்பாற்ற ஒன்றும் மிச்சமில்லை. 4 அங்குலத் தடிமன், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, அதோடு சுற்றிலும் உள்ள புல்லை வேரோடு எடுத்துவிடுவது. முதல் மூன்றடிக்குள் கன்றின் போட்டியாளர் புல்தான்.

முதல் கோடையில் தண்ணீர் ஊற்றுவதானால் தினம் ஒரு செம்பு வேண்டாம். அது இரண்டு அங்குலம் நனைத்து ஆவியாகி, வேரை மேலேயே இருக்கப் பழக்கும். பத்து நாளைக்கு ஒரு முறை 15, 20 லிட்டர். கணுவை இடித்து ஓட்டையாக்கிய மூங்கிலை 2 அடி ஆழத்துக்குக் கன்றின் பக்கத்தில் சாய்வாகப் புதைத்து அதன் வழியாக ஊற்றினால் பாதித் தண்ணீர் போதும். மூங்கில் வாயை ஓட்டால் மூடிவையுங்கள், தவளையும் குப்பையும் அடைத்துக்கொள்ளும்.

நெருக்கத்தைப் பொறுத்தவரை கணக்கு கடுமையானது. 9 அடிக்கு 9 அடி நட்டால் ஏக்கருக்கு 538 மரம், ஒரு மரத்துக்கு 7.5 சதுர மீட்டர் நிலம். 450 மி.மீ. கையிருப்பில் ஒரு மரத்தின் பங்கு சுமார் 3,400 லிட்டர். கன்றுக்கு அது செல்வம், பத்து வயது மரத்துக்குப் பற்றாக்குறை. பிப்ரவரிக்குள் மொட்டையாகும் தோப்பில் பாதியைக் கழித்தால் மீதி மரத்துக்கு 6,800 லிட்டர். மழையை யாராலும் கூட்ட முடியாது, பங்குதாரரைக் குறைக்கலாம். கழிக்கும்போது மெலிந்ததையும் கோணலையும் முதலில் எடுங்கள். வெட்டிய கொப்பையும் இலையையும் குவித்து வைக்காமல் நறுக்கித் தரையில் பரப்பி, தோப்பைச் சுற்றி 10 அடி அகலத்துக்குச் சருகு இல்லாமல் ஜனவரிக்குள் கூட்டிவிடுங்கள். வெளிச்சம் விழுந்த இடத்தில் புல் எழும், அது காயும், பிப்ரவரி மார்ச் தீ அதன் வழியாகத்தான் உள்ளே வரும்.